ராமேஸ்வரத்தில் ஓடிய பழைய ஜிப்ஸி: துருவை வீட்டிலேயே எடுத்துச் சரிசெய்ய முடியுமா?

கேள்வி இதுதான். ராமேஸ்வரம் பக்கம் பல வருடம் ஓடிய 1999 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். டிரைவர் காலடியில் ரப்பர் மேட்டைத் தூக்கினால் ரோடு தெரிகிறது. பின்சக்கர வளைவுக்கு மேலே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. முன்கண்ணாடி ஃபிரேமின் கீழ் மூலை இரண்டிலும் துரு. விசாரித்த இடத்தில், "ஃபைபர் ஒட்டி, பட்டி பூசி, அண்டர்கோட்டிங் அடித்துக் கொடுத்துவிடலாம்" என்கிறார்கள். அது நிற்குமா, இல்லை வீட்டிலேயே நிதானமாக ஒழுங்காகச் செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள்.

ஃபைபர் நிற்காது. வீட்டில் செய்ய முடியும், வெல்டிங் ஒன்றுக்கு மட்டும் அரை நாள் ஆள் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். துருப்பிடித்த தகட்டில் நம் கண்ணுக்குத் தெரியும் பக்கம் பெரும்பாலும் கடைசியில் கெட்ட பக்கம். வேலை முழுக்கப் பின்பக்கத்தில் இருக்கிறது. ஃபைபர் பிசின் துருவின் மேல் பிடிக்காது, துருவோடு சேர்ந்தே உரிந்து வரும். அதன் மேல் பூசும் பாலியெஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். அடியில் அடிக்கும் கறுப்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடாமல் காக்கும். மேலே பளபளப்பு, உள்ளே ஈரப்பொட்டலம். இரண்டு மழைக்காலம் போனால் உள்ளங்கை அளவு ஓட்டை தட்டு அளவுக்கு வந்திருக்கும்.

உங்கள் வண்டி ஓடிய ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்பு கெடுவதற்கு மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பட்டையைப் போல இன்னொரு இடம் தமிழ்நாட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அரிமானத்தை, அதாவது உலோகம் அரிபடுவதை, ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் நூறு வருடத்துக்கு மேல் அந்தக் காற்றைத் தாங்கியதென்றால், ஓயாமல் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்த பராமரிப்புதான் காரணம். அப்புறம் தனுஷ்கோடி. 2017இல் தார்ரோடு திறக்கும்வரை அங்கே வேன்களும் ஜீப்புகளும் கடலோர மணலிலும் உப்புத்தண்ணீரிலும்தான் ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. உங்கள் வண்டி அந்த ஓட்டம் ஓடிய வண்டியா என்று விற்றவரிடம் கேளுங்கள். ஆம் என்றால், பாடியை விட்டுவிட்டு முதலில் சேஸிஸைப் பாருங்கள்.

மலையில் ஓடும் வண்டிக்கும் கடலோர வண்டிக்கும் துருவில் வித்தியாசம் உண்டு. கம்பம், போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளில் மண் அப்பிக்கொண்ட இடத்தில் கீழிருந்து துரு ஏறும். மண்ணைத் தட்டிவிட்டால் எல்லை தெரிந்துவிடும். கடலோர வண்டியில் உப்பு, காற்றோடு போய்க் கதவுக்குள்ளும் பெட்டிக் குழாய்களுக்குள்ளும் படியும். உப்பு இருக்கும் இடம் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் மழையே பெய்யாவிட்டாலும், வண்டி ஷெட்டில் நின்றாலும் அரிப்பு நடக்கும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். இரண்டு தகடு சேர்த்து ஸ்பாட் வெல்டு வைத்த இடத்தில் நடுவில் துரு பிடித்தால், அந்த வீக்கமே தகடுகளைப் பிரித்து வாயைத் திறந்துவிடும். உங்கள் சக்கர வளைவில் தெரியும் கொப்புளம் அதுவாகத்தான் இருக்கும்.

சரி, சேஸிஸ். ஜிப்ஸியில் பாடி தனி, சேஸிஸ் தனி. இதுதான் உங்களுக்கு இருக்கும் பெரிய சௌகரியம். சேஸிஸ் திடமாக இருந்தால், பாடித் தகட்டை நீங்கள் துண்டு துண்டாக மாற்றலாம், வண்டியின் முதுகெலும்பு அசையாது. சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் மணி அடித்ததுபோல் கணீர் என்று கேட்கும். கெட்ட இடம் 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும், துருச் சில்லு கீழே கொட்டும். மந்தமாகக் கேட்ட இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்திக் குத்திப் பாருங்கள். நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி இது. அந்தப் பட்டைகள் சேஸிஸில் சேரும் கொக்கிப் பகுதிகள், பாடி மவுண்ட் உட்காரும் கைகள், பின்பக்கக் குறுக்குச் சட்டம், இவைதான் முதலில் கெடும். சேஸிஸ் பெட்டிபோல் மூடிய அமைப்பு என்பதால் உள்ளே மணலும் மண்ணும் தேங்கி நிற்கும். ஓட்டைகள் வழியாக நல்ல தண்ணீரைப் பீய்ச்சி அலசினால் என்ன நிறத்தில் என்ன வருகிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லும்.

சேஸிஸில் எங்காவது ஓட்டை விழுந்திருந்தால் அந்தப் பகுதியை வீட்டு வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். கனரக வண்டி சேஸிஸ் வேலை பார்க்கும் அனுபவசாலியிடம் கொண்டுபோங்கள். அங்கே தவறு நடந்தால் ஸ்பிரிங் பிய்த்துக்கொண்டு வரும். அதே பேச்சு சீட் பெல்ட் மாட்டும் இடத்துக்கும், சீட் போல்ட் இறங்கும் இடத்துக்கும், கதவுக் கீல் உள்ள தூணுக்கும் பொருந்தும். மற்றதெல்லாம் நீங்கள் தொடலாம்.

அடுத்து, கழற்றுவது. சீட், மேட், அதற்கடியில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட், தார் ஷீட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இந்த ஃபெல்ட்தான் தரையைத் தின்ற ஆசாமி. மேலே காய்ந்ததுபோல் இருக்கும், பிழிந்தால் தண்ணீர் வரும். எல்லாம் வெறுமையான பிறகு, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஓஸ் பைப்பில் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து தொடங்கி மெதுவாக மேலே போங்கள். முதலில் கதவுக்கடி, பிறகு கீல் பக்கம், பிறகு முன்கண்ணாடி. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிறுத்துங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடத்திலிருந்தும் ஒழுகுவதுபோல் தோன்றும், எது காரணம் என்று பிடிபடாது. நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், கண்ணாடி ஃபிரேம் மூலையில் இறங்கும் தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து டிரைவர் காலடியில் தேங்குகிறது என்று சந்தேகப்படுகிறேன். அப்படியானால் தரை ஓட்டையும் ஃபிரேம் துருவும் ஒரே நோய். ஃபிரேமைச் சரிசெய்யாமல் தரைக்குப் புதுத் தகடு வைத்தால் புதுத் தகடும் அதே வழியில் போகும்.

இப்போது சுரண்டல். ஆங்கிள் கிரைண்டரில் கப் பிரஷ் என்னும் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் வேலை முடிந்ததுபோல் கறுப்பாகப் பளபளக்கும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கறுப்புப் பளபளப்பு இரும்பு இல்லை, மெருகேறிய துரு. நல்ல இரும்பு வெள்ளி நிறத்தில் இருக்கும். சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளித் தளத்தில் ஊசிக்குத்து மாதிரி கறுப்புக் குழிகள் தெரியும். அந்தக் குழியின் அடியில்தான் உப்பு உட்கார்ந்திருக்கிறது. பெயின்ட் அடித்த பிறகு திரும்ப எழும்புவது அங்கிருந்துதான்.

உப்பைக் கிரைண்டரால் எடுக்க முடியாது, தண்ணீரால்தான் எடுக்க முடியும். தேய்த்த இடத்தை நல்ல தண்ணீர் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உடனே துணியால் ஒற்றி, ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ காட்டி உலர்த்துங்கள். ஓர் இரவு அப்படியே விட்டுக் காலையில் பாருங்கள். தகடு முழுக்க லேசாகப் பழுப்பேறியிருந்தால் அது சாதாரண ஈரக்காற்று. குறிப்பிட்ட குழிகளில் மட்டும் ஆரஞ்சுப் பொட்டு முளைத்திருந்தால் உப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி தேய்த்து, மறுபடி கழுவி, அந்தப் பொட்டுகள் வராமல் போகும்வரை விடாதீர்கள். கடலோர வண்டியில் பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். இதைச் செய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த பிரைமர் அடித்தாலும் பலன் இல்லை.

குழிகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி உதவும். பெயின்ட் கடையில் ரஸ்ட் ரிமூவர், ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று விற்பதில் பலவும் இந்த வகை. மெல்லிய துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். தடித்த செதில் துருவுக்குள் அது இறங்காது, மேலே மட்டும் கறுத்துவிட்டு உள்ளே அப்படியே விட்டுவிடும். அதனால் செதிலை உளியால் தட்டி எடுத்த பிறகே இது. அமிலம் மிச்சமிருந்தால் பின்னால் அடிக்கப்போகும் எபாக்சி பிரைமர் சரியாகப் பிடிக்காது. டப்பாவில் சொல்லியபடி கழுவி உலர்த்திவிட்டுத்தான் அடுத்த வேலை. கீல், பிராக்கெட், மூடி போன்ற கழற்றிய சின்னச் சாமான்களுக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் கரைத்து ஊறப்போட்டு, அவ்வப்போது எடுத்துத் தேய்த்தால் துரு கழன்றுவிடும். நாள்கணக்கில் மறந்துவிட்டால் நல்ல இரும்பையும் தின்னும். ஸ்பிரிங்கையும் கடினப்படுத்திய போல்ட்களையும் எந்த அமிலத்திலும் போடாதீர்கள், உள்ளே முறியும் தன்மை வந்துவிடும்.

எவ்வளவு வெட்டுவது? கொப்புளத்தின் எல்லையை நம்பாதீர்கள். விரலால் அழுத்தினால் வளையாத, இரண்டு பக்கமும் வெள்ளியாக வரும் தகடு கிடைக்கும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். மனசு வராது. ஆனால் அப்பளம்போல் நொறுங்கும் விளிம்பில் வெல்டு வைத்தால் ஓட்டைதான் பெரிதாகும். வெட்டும்போது மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டுங்கள், கூர்மூலையில் விரிசல் தொடங்கும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கத் தரையையும் வெட்டிப் போடாதீர்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்தது. கதவுக்கடிச் சட்டத்தைத் தொடுவதாக இருந்தால், வெட்டுவதற்கு முன்பே கதவுத் திறப்பின் குறுக்கே ஒரு இரும்பு ஆங்கிளைத் தற்காலிகமாகப் பொட்டு வெல்டு வைத்துக்கொள்ளுங்கள். பாடி அரை விரல் இறங்கினாலும் அப்புறம் கதவு பூட்டாது.

தகடு வாங்கும்போது சிஆர் ஷீட் (சூடாக்காமல் உருட்டிய இரும்புத் தகடு) என்று கேளுங்கள். தரைக்கு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர். வெளிப்பாடிக்கு 20 கேஜ், சுமார் 0.9 மில்லிமீட்டர். கையில் இருக்கிறதென்று கூரை ஜிஐ ஷீட்டை வெட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் மேல் துத்தநாகம் பூசியிருக்கும், வெல்டு வைக்கும்போது எழும் அந்தப் புகை மூச்சில் போனால் அன்று இரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஜிஐதான் வைக்க வேண்டுமென்றால் வெல்டு ஓடும் விளிம்பில் துத்தநாகத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அட்டையை வைத்து அளவெடுத்து, அட்டை கச்சிதமாக உட்கார்ந்த பிறகே தகட்டை வெட்டுங்கள். தரைத் தகட்டில் கம்பெனியே வரி வரியாக அழுத்தி விட்டிருப்பார்கள், அது அழகுக்கு இல்லை. தட்டையான தகட்டை வைத்தால் காலை வைக்கும்போதெல்லாம் உள்ளே போய் வெளியே வரும், அந்த அசைவில் பிரைமர் வெடிக்கும். ஒரு குழாயின் மேல் வைத்துத் தட்டியாவது இரண்டு வரி எழுப்பிக்கொள்ளுங்கள்.

தரையில் ஒரு தகட்டின் மேல் இன்னொன்று 10 முதல் 15 மில்லிமீட்டர் ஏறுவதில் தப்பில்லை, வெளிப்பாடியில் விளிம்போடு விளிம்பு சேர்ப்பது நல்லது. மேலே ஏறிய இணைப்பின் வாய் அடியிலிருந்து பார்த்தால் பின்னோக்கி இருக்கட்டும். முன்னோக்கி இருந்தால் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக வாய்க்குள் போகும். ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இரண்டு முகங்களிலும், சேர்ப்பதற்கு முன்பே, வெல்டு வைக்கத் தாங்கும் துத்தநாகப் பிரைமரை அடித்துவிட வேண்டும். சேர்த்த பிறகு அங்கே பிரஷ் போகாது.

வெல்டிங் பற்றி நேராகச் சொல்கிறேன். சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினில் ராடு வைத்து அடிக்கும் ஆர்க் வெல்டிங் இந்தத் தகட்டுக்கு ஆகாது, ஒவ்வொரு இழுப்பிலும் ஓட்டை விழும். கேஸ் வெல்டிங்கில் சூடு அகலமாகப் பரவித் தகடு நெளியும். அதையும் அழகாகச் செய்யும் பழைய டிங்கர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் தாராளமாகக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் கார்பன் டை ஆக்சைடு வாயுவோடு மெஷினே வயரைத் தள்ளிக்கொடுக்கும் சிஓடூ வெல்டிங், 0.8 மில்லிமீட்டர் வயர். நல்ல பட்டறைகளில் மெஷின் இருக்கும். வெட்டி, சுத்தம் செய்து, தகடு தயாராக வைத்துவிட்டு ஆளை அரை நாள் கூப்பிட்டால் போதும். அவரிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: நீளமாக இழுக்கக் கூடாது. ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம், 25 முதல் 30 மில்லிமீட்டர் இடைவெளியில் சுற்றி வந்து, வெறுங்கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறியபிறகு இடையிடையே நிரப்ப வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. முடிந்ததும் ராத்திரியில் அடியில் டார்ச்சை வைத்து மேலிருந்து பாருங்கள். வெல்டு வரிசையில் ஊசிமுனை வெளிச்சம் தெரியும் ஒவ்வோர் இடமும் நாளைய துரு. சாக்பீஸால் வட்டம் போட்டு, காலையில் அடைக்கச் சொல்லுங்கள்.

வெல்டு இல்லாமல் ரிவெட்டும் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட்டும் வைத்து ஒட்ட முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். தரையின் நடுப்பகுதியில், பளு தாங்காத இடத்தில், சுத்தமாகப் பிரைமர் அடித்த இரண்டு தகடுகளுக்கு நடுவில் செய்யலாம். ஃபைபரைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அலுமினிய ரிவெட் வேண்டாம். உப்புக்காற்றில் இரும்போடு சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும், ரிவெட் தலை வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்களைச் சொல்லாமல் போக முடியாது. பெட்ரோல் டேங்கைக் கழற்றி வேறிடத்தில் வைத்த பிறகே தீப்பொறி. காலி டேங்க் பத்திரம் என்று நினைக்காதீர்கள், ஆவி நிறைந்த காலி டேங்க்தான் அதிக ஆபத்து. பியூவல் லைனையும் பிரேக் லைனையும் ஒதுக்கிவிடுங்கள். பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டு வைக்கக் கூடாது, அந்த ஆவி வெல்டிங் வெளிச்சத்திலும் சூட்டிலும் விஷவாயுவாகும். வெல்டு வைக்கும் தகட்டின் மறுபக்கத்தில் ஒருவர் ஈரச் சாக்கோடும் வாளித் தண்ணீரோடும் நிற்கட்டும். ஃபெல்ட்டும் வயர் உறையும் சத்தமில்லாமல் புகைந்து அரை மணி கழித்துப் பற்றும். தீயணைப்பான் ஒன்று வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். கிரைண்டரின் கார்டைக் கழற்றாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. மூக்கில் துண்டு கட்டுவது போதாது, தூசி வடிக்கும் சரியான மாஸ்க் வேண்டும். முற்றத்தில் குழந்தைகள் இருந்தால் வேலை முடிந்ததும் தூசியை ஈரத்துணியால் கூட்டி அள்ளிவிடுங்கள்.

பிரைமர் என்றால் ரெட் ஆக்சைடுதான் என்று நம் பட்டறைகளில் ஒரு பழக்கம். வீட்டு ஜன்னல் கம்பிக்குச் சரி. அந்தச் சிவப்பு நிறமியே இரும்பு ஆக்சைடுதான், துருவைத் தடுக்கும் சக்தி எதுவும் அதற்கு இல்லை. சாதாரண ரெட் ஆக்சைடின் மேல் கடுமையான தின்னர் கலந்த பெயின்ட் அடித்தால் சுருங்கித் தூக்கிக்கொள்ளும். உங்கள் வேலைக்கு இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி பிரைமர். டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தை அளந்து கலக்குங்கள், குத்துமதிப்பு வேண்டாம். கலந்த பிறகு சிறிது நேரம் வைக்கச் சொல்லியிருந்தால் வையுங்கள். பிரஷ்ஷால் இரண்டு கை, இரண்டு பக்கமும். அடிப்பக்கத்துக்கு முதல் கை, மேல்பக்கத்துக்கு அப்புறம். உப்புச் சோதனை முடிந்து கடைசியாகத் தகட்டை வெள்ளியாக்கிய அன்றே அடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் திரும்பத் தேய்க்க வேண்டி வரும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்காதீர்கள். தகட்டின் சூடு பனிபடியும் நிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட்காரர்களின் கணக்கு. கருவி இல்லாவிட்டால் ஈரத்துணியால் தகட்டில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கால் மணிக்குள் காயவில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம். ராமநாதபுரம் பக்கம் சித்திரை முதல் ஆவணிவரை நடுப்பகல் நேரம் இதற்கு நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் தகட்டை வெட்டிப் போட்டுவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வரக் கூடாது. காற்று உப்பையும் மணலையும் வாரிக்கொண்டு வரும் என்பதால் பிரைமர் அடிக்கும்போது சுற்றித் தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள்.

எபாக்சிக்கு மேலேதான் பட்டி, வெறும் இரும்பின் மேல் இல்லை. அதுவும் வெளிப்பக்கத்துக்கு மட்டும், 3 மில்லிமீட்டருக்கு மிகாமல். பட்டியைத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. தூசி பறக்காது, கைக்கு சுகமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பட்டி குடித்த தண்ணீர் அதற்குள்ளேயே இருக்கும். காய்ந்த உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் சர்ஃபேசர் (பட்டியின் மேல் அடிக்கும் சமன்படுத்தும் பூச்சு) ஏறிய பிறகு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். தரைக்கும் அடிப்பக்கத்துக்கும் நல்ல பெயின்டைப் பிரஷ்ஷாலேயே அடிக்கலாம். வெளிப்பாடிக்கு இரண்டு டப்பா கலக்கும் பியூ பெயின்ட் ஸ்ப்ரே அடிப்பதாக இருந்தால் அதைப் பூத் உள்ள பெயின்டரிடம் விட்டுவிடுங்கள். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. நிறத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் ஆர்சியில் பதிய வேண்டும். சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் கிரைண்டரைக் கொண்டே போகாதீர்கள், துணியும் மெல்லிய துரு நீக்கியும் மட்டும்.

எல்லா இணைப்பு வரிசையிலும் பெயின்டுக்கு முன் சீம் சீலர் என்னும் இடுக்கடைக்கும் பசை, உள்ளேயும் அடியிலும். அதற்குப் பிறகுதான் அண்டர்கோட்டிங், அதுவும் நல்ல பெயின்டின் மேல் மட்டும். தார் வகைப் பூச்சு சில வருடத்தில் வெடிக்கும், வெடிப்புக்குள் தண்ணீர் போய் நிற்கும். நான் அடித்தால் சக்கர வளைவின் உள்பக்கத்தில் மட்டும் அடிப்பேன், தரையின் அடிப்பக்கத்தை வெறும் பெயின்டோடு விட்டுவிடுவேன். கல்பட்ட இடம் கண்ணுக்குத் தெரிந்தால் தொட்டுச் சரிசெய்துகொள்ளலாம். கதவுக்கடிச் சட்டம், தூண்கள், டெயில்கேட் போன்ற மூடிய பெட்டிகளுக்குள் கேவிட்டி வேக்ஸ் என்று விற்கும் மெழுகை நீளக் குழாய் விட்டு ஸ்ப்ரே பண்ணுங்கள். வெயில் ஏறிய மத்தியானத்தில் செய்தால் இளகி இணைப்புகளுக்குள் இறங்கும். பழைய என்ஜின் ஆயிலை அடிக்கச் சொல்வார்கள். ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், மணலைப் பிடித்துவைக்கும், சொட்டும் இடத்தில் மண்ணைக் கெடுக்கும். வேண்டாம்.

வேலையை எந்த வரிசையில் எடுப்பது என்றால், நீங்கள் நினைப்பதுபோல் தரையிலிருந்து இல்லை. முதலில் கண்ணாடி ஃபிரேம். பழைய ரப்பரை நெம்பாமல் பிளேடால் கீறி எடுத்தால் கண்ணாடி உடையாமல் வரும். கண்ணாடி உட்காரும் வாய்க்காலின் கீழ் மூலையில் ஊசிப்பொத்தல்கள் இருக்கும், தேய்த்த பிறகுதான் தெரியும். அடைத்து, எபாக்சி அடித்து, புது ரப்பர் போடுங்கள். ஃபிரேமுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பரையும் புதிதாகவே போடுங்கள். கசிவை அடைக்க வினிகர் வாடை வரும் சிலிகானைப் பிதுக்காதீர்கள். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் இரும்பைக் கடிக்கும். மறுபடி ஓஸ் பைப் சோதனை. உள்ளே ஒரு சொட்டும் இல்லை என்று உறுதியான பிறகு தரை. சக்கர வளைவு கடைசி. ஃபிரேமோ மட்கார்டோ டெயில்கேட்டோ மோசமாகப் போயிருந்தால் சென்னை புதுப்பேட்டையில் ஒருமுறை தேடிப் பாருங்கள். ராணுவமும் போலீசும் நிறைய ஓட்டிய வண்டி என்பதால் இதற்குப் பழைய பாகங்கள் வருவது உண்டு. கடலோரம் இல்லாத ஊரில் ஓடிய வண்டியின் ஃபிரேம் கிடைத்தால், உங்கள் ஃபிரேமை ஒட்டுப்போடுவதைவிட அது நல்லது.

வேலை முடிந்த பிறகு தரையில் பழைய ஃபெல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். தூக்கி உதறக்கூடிய ரப்பர் மேட் மட்டும் போதும், ஈரம் பட்டால் அன்றே தூக்கி நிறுத்துங்கள். கதவின் அடி ஓரத்திலும் டெயில்கேட்டிலும் கம்பெனி விட்ட வடிகால் துளைகள் இருக்கும். பெயின்டும் சீலரும் அடைத்திருந்தால் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தைக் கழுவுவது அவசியம், ஆனால் எந்தத் தண்ணீரில் என்பது முக்கியம். உங்கள் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பை ஏற்றுகிறீர்கள். நாக்கில் வைத்துக் கரித்தால் அது வண்டிக்கு ஆகாது. மொட்டைமாடியில் பிடித்த மழைத் தண்ணீர் நாலு குடம் இருந்தாலும் சேஸிஸ் உள்பக்கத்தையும் சக்கர வளைவையும் அலச அதுவே போதும்.